கேட்டதைக் கொடுக்கும் படங்கள்

மொத்தம் எழுபத்தொரு மணி நேரம். ஜாஸ்மின் உங்களிடம் எழுபத்திரண்டு என்று சொல்லியிருப்பாள். நடுவில் ஒரு மணி நேரம் படம் எடுக்கும் கருவியை நிறுத்தி வைத்திருந்தோம். பக்கத்து மனையில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அன்று அஸ்திவாரத்துக்குத் தூண் இறக்கினார்கள். தரை அதிர்ந்தால் படம் கலங்கிவிடும். அந்த ஒரு மணி நேரத்தை அவள் கழிப்பதில்லை. அவளுக்கு முழு எண்கள் பிடிக்கும்.

டாக்டர், நேற்று நீங்கள் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டபோது எனக்குப் பேச வரவில்லை. தப்பாக நினைத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவின்போது என் பெயரை இரண்டு முறை வாசிப்பார்கள். முதல் முறை எனக்குத் தொண்டை திறக்காது. "பரவாயில்லம்மா, நிதானமா எழுதிக் குடு" என்றீர்கள். எழுத்து எனக்கு வரும்.

நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ஜாஸ்மின் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் சொல்கிறாள். அது முழுக்க நோய்தானா, அல்லது அதில் ஏதாவது உண்மை இருக்க வாய்ப்பு உண்டா. அது தெரிந்தால்தான் மாத்திரையைக் கூட்டுவதா நிறுத்துவதா என்று முடிவு செய்ய முடியும் என்றீர்கள். கூடவே வேலை பார்த்தவள் என்பதால் என்னைக் கேட்டீர்கள். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். பதில் கடைசியில் வரும். நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் அந்தப் பதிலை உங்களால் சரியாகப் பயன்படுத்த முடியும்.

எங்கள் ஆய்வகம் ஒரகடத்தில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் வண்டி செய்கிறார்கள், டயர் செய்கிறார்கள், கண்ணாடி செய்கிறார்கள். நாங்கள் எதையும் செய்வதில்லை, பார்த்துச் சொல்கிறோம். மருந்து நிறுவனங்கள் ஒரு புரதத்தின் பெயரைக் கொடுத்து, இதன் உருவம் என்ன, எங்கள் மருந்து இதில் எங்கே போய் உட்காருகிறது என்று கேட்பார்கள். அதற்காக ஒரு குளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கி வைத்திருக்கிறோம். கன்டெய்னர் லாரிகள் போனாலும் அசையாதபடி அதற்குத் தனியாகக் கான்கிரீட் மேடை.

வேலை இப்படி. புரதம் கரைந்த நீரை, குன்றிமணியை விடச் சிறிய செப்பு வலைத்துண்டில் ஒரு துளி வைத்து, தாளால் ஒற்றி, கண் இமைப்பதற்குள் கடுங்குளிர்த் திரவத்தில் முக்கி உறைய வைப்போம். அவ்வளவு வேகத்தில் உறைந்தால் பனிப் படிகம் கட்டாது, கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மூலக்கூறுகள் எந்தப் பக்கம் திரும்பி மிதந்தனவோ அப்படியே நின்றுவிடும். பிறகு படம் எடுப்போம். எலக்ட்ரானை அதிகம் பாய்ச்சினால் புரதம் சிதைந்துவிடும் என்பதால் மிகக் குறைவாகத்தான் பாய்ச்சுவோம். அதனால் படமெல்லாம் கேபிள் அறுந்த டிவி போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். அந்தப் புள்ளிகளுக்குள் லட்சக்கணக்கான மூலக்கூறுகளைத் தேடிப் பொறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் உருவம் மெல்ல மேலே வரும்.

இதில் ஒரு குறுக்குவழி உண்டு. ஏற்கெனவே தெரிந்த உருவம் ஒன்றைக் கணினிக்குக் காட்டி, இதைப் போல எங்கெங்கே இருக்கிறது தேடு என்று சொல்லலாம். வேலை சீக்கிரம் முடியும். ஆபத்தும் அதில்தான். வெறும் இரைச்சலைக் கொடுத்தாலும், தற்செயலாக ஒத்துப்போகிற புள்ளிகளையெல்லாம் அது பொறுக்கி அடுக்கி, நாம் காட்டிய உருவத்தையே நமக்குத் திருப்பிக் கொடுக்கும். முதல் வாரப் பயிற்சியிலேயே இதைச் சொல்லித் தருவார்கள். எல்லோரும் தலையாட்டுவோம். மருந்து நிறுவனத்து ஆட்கள் வருகிற தேதி நெருங்கிவிட்டால் எல்லோரும் குறுக்குவழியில்தான் போவோம். எங்கள் தலைவர் ரகுபதி சாரே, "பழச வச்சு ஓட்டும்மா, சாயங்காலத்துக்குள்ள வந்துரும்" என்பார்.

புரதத்தைப் பிரித்துச் சுத்தம் செய்து ட்யூப்பில் கொடுப்பது என் வேலை. உறைய வைத்து, படம் எடுத்து, உருவத்தைக் கண்டுபிடிப்பது ஜாஸ்மினின் வேலை. நான் வாலாஜாபாத், அவள் மணிமங்கலம். இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தோம்.

அவள் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. இதை அழுத்தமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு யாராவது உங்களிடம் வேறு மாதிரிச் சொன்னால் நம்ப வேண்டாம். கேன்டீனில் எனக்கும் சேர்த்து அவள்தான் வாங்குவாள். "இவளுக்கு ரெண்டு இட்லி, காரச் சட்னி வைக்காதண்ணா, இவளுக்கு ஆகாது." மேலாளர் கூப்பிட்டால், "மதி பேச மாட்டா சார், நான் சொல்றேன்." கம்பெனி பஸ் முதலில் வாலாஜாபாத் வந்து, திரும்பித்தான் மணிமங்கலம் போகும். அதில் நான் இறங்க வேண்டிய இடத்தை அவள்தான் கத்திச் சொல்வாள். டிரைவர் சுடலைக்கண்ணு அண்ணன் திருநெல்வேலிப் பக்கம். ஒரு நாள் திரும்பிப் பார்த்து, "ஏ மதிவதனி, நீ இறங்குததையும் அவதான் சொல்லணுமோ? நாளைக்கு ஒனக்குத் தாலி கட்டும்போதும் அவதான் தலையக் குனிவாளா?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. ஜாஸ்மின்தான் அதிகம் சிரித்தாள். "வாய்ல கொழுக்கட்டைய வச்சிக்கினு கீறா அண்ணா, இன்னா பண்றது" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். பாசத்தோடுதான் கிள்ளினாள்.

போன வருடம் ஆகஸ்ட்டில் ஒரு கூட்டம். யாராலும் சுத்தம் செய்ய முடியாமல் கிடந்த ஒரு புரதத்தை நான் ஐந்து மாதம் போராடிச் சுத்தம் செய்திருந்தேன். அதை நானே எல்லோர் முன்னாலும் சொல்வது என்று முடிவு செய்தேன். இரண்டு வாரம் பயிற்சி எடுத்தேன். வீட்டில் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். கூட்டத்தில் எழுந்து முதல் மூன்று வாக்கியங்களைச் சொன்னேன். நான்காவது வாக்கியத்துக்கு முன்னால் நிறுத்தினேன். மறந்து நிறுத்தவில்லை. மூச்சு எடுப்பதற்காக, அந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று நானே குறித்து வைத்திருந்தேன். நான்கு விநாடி. அதற்குள் ஜாஸ்மின் எழுந்துவிட்டாள். "மீதிய நான் சொல்றேன் சார், இவ இவ்ளோ பேசுனதே இந்த வருஷத்து சாதனை" என்றாள். எல்லோரும் அன்போடு கைதட்டினார்கள். அவள் ஒரு வார்த்தையைக்கூடத் தன் பெயரில் சொல்லிக்கொள்ளவில்லை. மதி பண்ணா, மதி கண்டுபிடிச்சா என்றுதான் சொன்னாள். நான் எழுதி வைத்திருந்ததை விட நன்றாகவே சொன்னாள்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயந்துட்டியாடி? நான் இருக்கும்போது இன்னாத்துக்கு பயப்படுற" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வரை நான் யோசித்துக்கொண்டே போனேன். பேச முடியாமல் ஓர் ஆள் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது என்று தோன்றியது. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

ஜனவரியில் அந்த வேலை வந்தது. செல்லின் சவ்வில் பொதிந்திருக்கும் ஒரு புரதம். அதைச் சவ்விலிருந்து பிரித்து எடுத்தால் தண்ணீரில் தனியாக நிற்காது; சோப்பு போன்ற ஒரு பொருளைச் சேர்த்தால், அந்தச் சோப்பு உருண்டையாகத் திரண்டு அதைப் பொதிந்துகொள்ளும். மருந்து நிறுவனம் கேட்டது, தங்கள் புது மருந்து அதன் நடுப்பள்ளத்தில் உட்காருகிறதா இல்லையா என்பது. இதே புரதத்தின் பழைய உருவம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதில் வேறொரு மருந்து அதே பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது.

இந்த மாதிரிப் புரதங்களில் ஒரு சங்கடம். படத்தில் தெரிவது சோப்பு உருண்டைதான். புரதம் உள்ளே இருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம்.

திங்கட்கிழமை காலை நான் ட்யூப்பை ஐஸில் வைத்துக் கொடுத்தேன். அளவு எல்லாம் பதிவேட்டில் எழுதியிருந்தேன். அவள் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பளிங்கு மாதிரி கீதுடி" என்றாள். உறைய வைத்தாள். நல்ல வலைத்துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கருவியில் ஏற்றினாள். எழுபத்தொரு மணி நேரம் படங்கள் வந்தன. அடுத்த புதன்கிழமை மருந்து நிறுவனத்து ஆட்கள் வருவதாக இருந்தது. ரகுபதி சார் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டி, "பழச வச்சு ஓட்டிரும்மா" என்றார். அவள் பழைய உருவத்தைக் காட்டி ஓட்டினாள். அவள் அப்படித்தான் செய்வாள் என்று எனக்குத் தெரியும். நாலு மாதத்தில் ஆறு வேலைகளை அப்படித்தான் முடித்திருந்தாள். ஆறும் சரியாக வந்திருந்தன.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னை இழுத்துக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள். "பாரு, நம்ம கொழந்த. எப்படி ஒக்காந்துகினு கீது பாரு." நீல நிறத்தில் அந்த உருவம் சுழன்றுகொண்டிருந்தது. நடுப்பள்ளத்தில் மருந்து உட்கார்ந்திருந்தது. அழகாக இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை. அவள் தயாரித்து வைத்திருந்த முதல் பக்கத்தில் என் பெயர் முதலிலும் அவள் பெயர் அடுத்தும் இருந்தது. என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். "ஐயே, இதுக்குக் கூடவா கூச்சம்" என்று திட்டிக்கொண்டே எடுத்தாள்.

புதன்கிழமை மருந்து நிறுவனத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் நெல்லையப்பன் என்பவர் வயதானவர், அதிகம் பேசாதவர். ஜாஸ்மின் நாற்பது நிமிடம் பேசினாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசியில் நெல்லையப்பன், "எந்த உருவத்தைக் காட்டித் தேடினீங்க?" என்று கேட்டார். அவள் மறைக்காமல் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, "மூலப் படங்களை எனக்குக் குடுங்க. சும்மா ஒரு விளையாட்டுக்கு" என்றார்.

அவர் விளையாடியது இவ்வளவுதான். அதே படங்களைக் கணினிக்குக் கொடுத்தார். தேட வேண்டிய உருவமாக, இதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு புரதத்தைக் காட்டினார். ஆட்டுரல் மாதிரி நடுவில் குழி விழுந்த வட்டமான புரதம். மறுநாள் காலை எல்லோரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். எங்கள் படங்களிலிருந்து ஆட்டுரல் வந்திருந்தது. ஜாஸ்மின் காட்டிய உருவம் எவ்வளவு தெளிவாக இருந்ததோ அவ்வளவு தெளிவாக.

"என்ன கேட்டாலும் குடுக்குது இந்தப் படங்கள்" என்றார் நெல்லையப்பன். கோபமாகச் சொல்லவில்லை. "கேட்டது மட்டும்தான் இருக்கு இதுல. நீங்க பார்த்தது எதுவும் இல்லம்மா."

எல்லோரும் ஜாஸ்மினைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. நாற்பத்தாறு விநாடி அப்படியே நின்றாள். சுவரில் கடிகாரம் இருந்தது. நான் குறுக்கே எழுந்து அவளுக்காகப் பேசவில்லை. அவளுடைய நேரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன்.

அத்தோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். நேர்மையாகச் சொல்கிறேன், எனக்குத் தேவையாக இருந்தது அந்த நாற்பத்தாறு விநாடி மட்டும்தான். ஆனால் ஒப்பந்தம் கைவிட்டுப் போயிற்று. நிர்வாகம் குற்றவாளியாக யாரையாவது காட்ட வேண்டியிருந்தது. ரகுபதி சார், பழையதை வைத்து ஓட்டும்படி தாம் சொல்லவே இல்லை என்றார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் சொன்னதைக் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஜாஸ்மின். இன்னொருத்தியைக் கேட்டார்கள். எனக்குப் பேச வராது என்பது எல்லோருக்கும் தெரியும், அதிகம் வற்புறுத்தவில்லை.

விசாரணையில்தான் ஜாஸ்மின் அதை முதன்முதலாகச் சொன்னாள். உங்களிடம் இப்போது சொல்கிறாளே, அதைத்தான். "சார், குறுக்குவழில போனது என் தப்புதான். ஆனா உள்ள புரோட்டீன் இருந்திருந்தா கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கும். அந்த ட்யூப்லயே ஒண்ணும் இல்ல சார். எங்கியோ மாறிப் போச்சு. மதி மேல சொல்லல. அவ கைக்கு வர்றதுக்கு முன்னாடியே எவனோ மாத்திக்கீறான்." அது நிரூபணமானால் அவள் ஏமாற்றுக்காரி இல்லை, ஏமாந்தவள். வேலையும் பேரும் தப்பிக்கும்.

மீதமாகும் கரைசலை ஃப்ரீசரில் வைப்பது எங்கள் விதி. அதே பெயர், அதே தேதி எழுதிய ட்யூப் அங்கே இருந்தது. அதை எடுத்து எல்லோர் முன்னாலும் சோதிக்கச் சொன்னார்கள். புரதம் இருக்கிறதா என்று பார்க்க அதை ஜெல் என்கிற ஒரு பசைத் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டுவோம். இருந்தால் நீலப் பட்டையாக நிற்கும். அந்த வேலை என்னுடையது. நான்தான் ஓட்டினேன். ஜாஸ்மின் என் தோளுக்குப் பின்னால் நின்று, "வராது பாரு, வராது பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

பட்டை வந்தது. தடிமனாக, சுத்தமாக, இருக்க வேண்டிய இடத்தில்.

அவள் குனிந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு என்னைத்தான் கேட்டாள்: "மதி, அது நெஜமாவே இருக்குதா?"

இருக்கிறது என்றேன். அதுவும் பொய்யில்லை.

அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து அவள் அம்மா எனக்குப் போன் செய்தார். "மதிக்கண்ணு, இவ யாராண்டயும் பேச மாட்டேங்கிறாம்மா. உன் பேர மட்டும்தான் சொல்றா. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போயேன்." அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் கோயிலுக்குப் போய்த் திரும்பியதும் நான் போகிறேன். இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

முதல் முறை போனபோது அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாய் வைத்துவிட்டு, "யம்மா, கொழம்புல உப்பு கீதா, இல்ல கீதுன்னு நானா நெனச்சிக்கினு கீறனா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று அவள் அம்மா சிரித்தார். அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தொட்டு நக்கிப் பார்த்து, இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சுவரில் சிலுவை இருக்கிறதா. வெளியே மழை பெய்கிறதா. கதவைத் தட்டினார்களா. நான் இருக்கும்போது என்னைக் கேட்பாள். இல்லாதபோது போன் செய்வாள். நான் இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை.

பாதிப் பேச்சில் அந்த ட்யூப் வரும். "மதி, அதுல ஒண்ணும் இல்லடி. எனக்கு உள்ளுக்குள்ள தெரியுது."

"ஜெல் ஓட்டினோமே ஜாஸ்மின்."

"பட்டை வந்துச்சு இல்ல?"

"வந்துச்சு. நீயும்தான் பார்த்த."

"நான் பாத்ததெல்லாம் இருந்துச்சா இன்னா? அந்தக் கொழந்தயக் கூடத்தான் பாத்தேன்."

"அதான் சொல்றேன். கண்ணுக்குத் தெரியுறதுக்கெல்லாம் நீ மதிப்பு குடுக்காத. மனசு கேட்டதைக் கண்ணு காட்டும். விட்டுடு."

இதை நான் அவளுடைய நன்மைக்காகத்தான் சொன்னேன். ஒரே பொருளைப் பற்றிய சந்தேகத்தை எவ்வளவு நாள் தூக்கிச் சுமக்க முடியும். ஆனால் அவள் அதைக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டாள் என்று தெரிகிறது. பதினாறு நாளுக்கு முன்னால், படப்பை ரோட்டில், கன்டெய்னர் லாரி வருவதைப் பார்த்துக்கொண்டே சாலையில் இறங்கி நடந்திருக்கிறாள். டீக்கடையில் நின்ற ஒருவர் சட்டென்று முடியைப் பிடித்து இழுத்ததால் முழங்கை மட்டும்தான் தேய்ந்தது. ஏன் இறங்கினாய் என்று கேட்டதற்கு, "லாரி தெரிஞ்சுது. ஆனா மதிய கேக்கல" என்றாளாம். அதற்குப் பிறகுதான் உங்களிடம் கூட்டி வந்தோம்.

என்னைப் பற்றி ஒரு வரி. இப்போது கூட்டங்களில் நான் பேசுகிறேன். மெதுவாகத்தான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறேன். யாரும் குறுக்கே வருவதில்லை. ஜாஸ்மினுக்காகவும் நான்தான் பேசுகிறேன். உங்கள் வரவேற்பு மேசையில் அவள் பெயர், வயது, எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை என்பதெல்லாம் நான்தான் சொன்னேன். அந்தப் பெண் அவளைக் கேட்டபோது, "அவ பேச மாட்டா, நான் சொல்றேன்" என்றேன். சொல்லிவிட்டுப் பார்த்தால் குரல் நடுங்கவே இல்லை.

ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், இதோடு இணைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் ட்யூப்பில் ஒன்றும் இல்லை என்று அவள் எத்தனை முறை சொல்கிறாள் என்ற எண்ணிக்கை. முதல் வாரம் பதினான்கு. பிறகு பதினொன்று, பதினொன்று, எட்டு. லாரிக்குப் பிறகு நீங்கள் மாத்திரை கொடுத்த முதல் வாரம் மூன்று. போன ஞாயிறு ஒரு முறைகூட இல்லை. மாறாக, அவளாகவே என் மடியில் படுத்துக்கொண்டு, "ட்யூப்ல இருந்துச்சு மதி. நான்தான் பாழ் பண்ணிட்டேன்" என்றாள். சொல்லிவிட்டுத் தூங்கினாள். மாதக்கணக்கில் அவள் அப்படித் தூங்கியதில்லை என்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ நல்லா இருப்ப கண்ணு" என்றார்.

ஆகவே டாக்டர், என் பதில் எதுவாக இருந்தாலும், மாத்திரையை இப்போது நிறுத்துவது சரியாக இருக்காது என்பது என் தாழ்மையான கருத்து. குணமாகிக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம் போய்ப் பழையதைக் கிளறக் கூடாது. நோயாளி சம்பந்தமாக உங்களிடம் சொல்வது வெளியே போகாது என்றும் படித்திருக்கிறேன். அப்படியானால் எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். ஒருவர் என்னிடம் அளவு கேட்டு, அதை வைத்து முடிவெடுக்கப் போகிறார் என்றால், தவறான எண்ணைக் கொடுக்க எனக்கு மனம் வராது. அது என் படிப்பின் பழக்கம்.

இதுவரை நேற்று வீட்டில் எழுதியது. மீதியை உங்கள் அறைக்கு வெளியே, சுவரோரம் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி பதினொன்று இருபது. எங்களுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர். அவள் அம்மா டீ வாங்கப் போயிருக்கிறார். ஜாஸ்மின் என் வலது தோளில் சாய்ந்து தூங்குகிறாள். அதனால்தான் எழுத்து இப்படிச் சரிந்து வருகிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, எழுதினால் போதாது, அவளிடம் நீயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் சொல்லக்கூடும். சொல்ல வருமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அதனால் இப்போது பேனாவை மூடி வைத்துவிட்டு, அவள் காதருகே குனிந்து, அவளை எழுப்பிவிடாத குரலில், எங்கும் நிறுத்தாமல் சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஜாஸ்மின், நீ சொன்னது சரி. ஃப்ரீசர்ல இருந்தது வேற ட்யூப். உன் கையில குடுத்ததுல புரோட்டீன் இல்ல. வெறும் உப்புத்தண்ணியும் சோப்பும்தான். நான்தான் கலக்கிக் குடுத்தேன்."